சத்தத்துக்கு ஒரு வண்டி

பாவாத்தாளை அத்தியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் கையில் ஒரு அலுமினிய மூடி இருந்தது. வழியில் சோறாக்குகிற பானைக்கு உரிய மூடி அது. பிடியோரம் ஒரு துளை போட்டு லாரியின் பின்பக்கச் சங்கிலியில் அவர் மாட்டி வைத்திருந்ததால், ஓட ஓடப் பலகையில் மோதி அதன் விளிம்பெல்லாம் நெளிந்து போயிருந்தது. மூட்டை ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவள் பின்னால் போய் அதைக் கழற்றிக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

“வூட்டு மூடி ஓட்டையாயிருச்சுங்க. இதை நான் வெச்சுக்கறேன். நீங்க வழியில தட்டை வெச்சு மூடிக்கோங்க.”

“வண்டிச் சாமானை வூட்ல வெச்சா வண்டிக்கு வூட்டு நெனப்பாவே இருக்கும்பாங்க.”

“இருக்கட்டுமே, அப்பவாச்சும் வெரசா வருவீங்க” என்றாள் அவள். “போயிட்டு வாங்க. சத்தம் கேட்டதும் உலை வெச்சிர்றேன்.”

கரட்டுப்பாளையத்தில் வீட்டுக்கு ஒரு லாரி இருக்கும், லாரி இல்லாத வீட்டில் லாரி ஓட்டுகிற ஆள் இருப்பார். சங்ககிரியிலிருந்து வருகிற ரோடு பாறைக் குன்றான கரட்டைச் சுற்றி வளைந்து, கிணற்றுமேடு ஏறி, பால் சொசைட்டியைத் தாண்டி ஊருக்குள் இறங்கும். அந்த ரோட்டில் எத்தனை வண்டி வந்தாலும், கரட்டு வளைவில் தன் வீட்டுக்காரரின் பெட்போர்டு லாரி திரும்புகிற சத்தத்தைப் பாவாத்தாள் அடுப்படியிலிருந்தே பிரித்து எடுத்துவிடுவாள், எடுத்த கையோடு உலை வைப்பாள், அவர் வண்டியை வாசலுக்குள் விட்டு, டயர்களைத் தட்டிப் பார்த்து, தொட்டியில் கைகால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வரும்போது சோறு வடித்திருக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சுடுசோறு இருந்தது.

அந்த நடை நாக்பூருக்கு ஜவ்வரிசி. மூட்டைகளை இறக்கிவிட்டு, திரும்புகாலுக்குச் சுமை கிடைக்காமல், வரிசையில் நின்ற லாரிகளுக்கு நடுவே அத்தியப்பன் படுத்துக் கிடந்த ஒரு நாளில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அவருடைய லாரியின் சத்தம் மட்டும் கரட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது. வளைவில் திரும்பியது, மேட்டில் மூச்சு வாங்கியது, சொசைட்டி முன்னால் கியர் மாற்றியது, பின்பக்கமாகவே வாசலுக்குள் நுழைந்து நின்றது. பாவாத்தாள் உலை வைத்தாள். பக்கத்து வீட்டு அங்காத்தாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ கேட்டதற்கு, “அவரு வந்துட்டாருடி, பேச நேரமில்ல” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ரெண்டு பேருக்கு அரிசி போட்டாள், வெந்ததை வடித்து மூடி வைத்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், அப்படியே போய்விட்டாள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். முகத்தில் சிரிப்பு இருந்தது என்றாள் அங்காத்தாள், சோறு சூடாக இருந்தது என்றும் சொன்னாள்.

புக்கிங் ஆபீஸ் போனில் சேதி வந்து அத்தியப்பன் காலி வண்டியோடு திரும்பினார். வழியெல்லாம் வண்டி ஓடியது, டீசல் குடித்தது, புகை விட்டது, ஆனால் அதற்குச் சத்தம் இல்லை. தனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். செக்போஸ்ட்டுகளில் தடுப்புக்கட்டையில் சாய்ந்திருந்தவர்கள் லாரி வந்து முட்டுகிற மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது நடுரோட்டில் படுத்திருந்த ஆடு எழவில்லை, கோழிகள் விலகவில்லை. காரியம் முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்த உறவு ஜனம் தலை நிமிரவில்லை. அங்காத்தாள்தான் முதலில் பார்த்து எழுந்து வந்தாள். “சத்தம் அன்னிக்கே வந்துருச்சுங்க மாமா” என்றாள். “அக்கா உங்களைக் காத்துக்கிட்டுச் சாகல. நீங்க வந்துட்டீங்கன்னுதான் போச்சு.”

சத்தமில்லாத லாரி ஊருக்கு ஆகாது, என்றைக்காவது யாரையாவது அடித்துவிடும். அத்தியப்பன் வாசலின் ஓரத்தில் அதை நிறுத்திச் சாவியை உருவினார். அதற்குப் பிறகு அதைக் கிளப்பவில்லை. ஓர் எடைமேடையில் காவலுக்குப் போனார். பாவாத்தாளின் அடுப்பில் தானே சோறாக்கக் கற்றுக்கொண்டார்.

சத்தம் ஒவ்வொரு நாளும் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வளைவில் திரும்பி, மேடேறி, சொசைட்டியைத் தாண்டி, வாசலுக்குள் வந்து, நிற்கிற லாரியின் பக்கத்தில் நின்று ஓய்ந்தது. முதல் கொஞ்ச நாள் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், ஒரு பூசாரி வந்து பூசணிக்காய் சுற்றி உடைத்தார், மறுநாள் சத்தம் அந்தப் பூசணிச் சில்லுகளை விலக்கிக்கொண்டுதான் வந்தது, பிறகு பழகிவிட்டது. டவுன் பஸ் டிரைவர் குறுகிய பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி, அது போகட்டும் என்று வழிவிட்டார். சொசைட்டிக்காரர் சத்தம் வந்ததும் கேனை மூடினார். புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கு, அந்தச் சத்தம் வரும்போது ரோட்டுக்குக் குறுக்கே போகக் கூடாது, மற்றபடி அது ஒன்றும் செய்யாது என்று முதல் நாளே சொல்லிவைத்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் தூக்கம் கெடுகிறது என்று புகார் எழுதிக்கொடுக்க, ஏட்டு ஒருவர் வந்து ரோட்டோரம் நின்றார், சத்தம் வந்தது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார், எந்த வண்டி நம்பர் போட்டு எழுதுவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் தேர் நோம்பிக்கு ஒரு நாள் மட்டும் தங்கள் தெரு வழியாக அதை அனுப்பிவைக்க முடியுமா என்று தேங்காய் பழத்தோடு வந்து கேட்டார்கள். அது அத்தியப்பன் வீட்டுச் சத்தம், பாவாத்தாள் கேட்ட சத்தம், அதை அங்கே இங்கே அனுப்ப ஊருக்கு உரிமை இல்லை என்று நாட்டாமைக்காரர் சொல்லி, பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். காலப்போக்கில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு உலை வைக்க ஆரம்பித்தார்கள்.

அத்தியப்பன் மட்டும் முன்கூட்டியே ஆக்கிவிடுவார். சத்தம் வாசலுக்குள் வந்து ஓய்ந்ததும் பானையைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, கைகால் கழுவப் போவார். அவள் கடைசியாகக் கேட்டது இதைத்தான் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பார். வேறு எதையும் நினைக்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் போனது. பிறகு சத்தம் தேய ஆரம்பித்தது. வளைவில் திரும்புவது முதலில் கேட்காமல் போயிற்று, மேட்டில்தான் கேட்டது. அப்புறம் மேடும் போய், சொசைட்டியிலிருந்துதான் கேட்டது. பஸ் ஒதுங்குவதை விட்டது. சில வீடுகளில் சோறு தாமதமானது. அத்தியப்பன் ரோட்டில் எதிர்கொண்டு போய் நின்றார், தன்னைத் தாண்டிப் போகிற அந்தச் சத்தம் சீக்காளி மாதிரி நடுவே நடுவே நின்று மூச்சு வாங்குவதைக் கேட்டார். அது ஓய்ந்துவிட்டால் பாவாத்தாள் கேட்டது எதுவும் இந்த உலகத்தில் மிச்சமிருக்காது.

“அதுக்கும் வயசாகாதுங்களா?” என்றாள் அங்காத்தாள். “எத்தனை வருசத்துக்கு வெயில்லயும் மழையிலயும் திரியும்? ஏறிப் படுக்கிற வண்டியோ செத்துக் கெடக்குது.”

அவள் பேச்சுவாக்கில் சொன்னதுதான். அத்தியப்பன் மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் லாரி மேல் படர்ந்திருந்த கோவைக்கொடியை அறுத்தார். பானெட்டைத் திறந்தார். காற்று வடிகட்டியில் அணில் குட்டி போட்டிருந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது, கைப்பிடி போட்டு முழு பலத்தோடு சுற்றியும் நகரவில்லை. சங்ககிரியில் அவர் கேட்ட மெக்கானிக்குகள் எல்லோரும் காயலான் கடைக்கு வழி சொன்னார்கள்.

ஆள் கிடைத்தது வேறு வழியில். சேலத்தில் பேங்கில் வேலை பார்க்கிற ரேணுகா என்ற பெண், தன் தாத்தா காலத்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனவள், ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீர் கேட்டு வந்தாள். குடத்தை வாங்கிய கையோடு லாரியைப் பார்த்தாள், ஜீப்பை மறந்துவிட்டாள். பழைய வண்டிகள் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, அவர்களுக்குள் ஒரு தொடர்பு உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஈரோட்டுப் பல் டாக்டர் தேவசகாயம், வீட்டு மாட்டுத் தொழுவத்தில் மூன்று பழைய கார்களைக் கட்டி வைத்திருப்பவர். மற்றவர் பவானியில் லேத்து பட்டறை வைத்திருக்கும் ஜமால், எந்த வண்டிக்குக் கிடைக்காத சாமானையும் கடைந்து கொடுத்துவிடுவார்.

அத்தியப்பன் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. வண்டி ஓடினாலும் சத்தம் வராது, அது வெளியே இருக்கிறது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும் என்றார். அவர்களும் காத்திருந்து கேட்டார்கள். சத்தம் சொசைட்டிப் பக்கமிருந்து தள்ளாடி வந்து வாசலில் நின்றதும், தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டே, “டேப்பட் தளர்ந்து அடிக்குது” என்றார்.

“டேப்பட் இல்லீங்க டாக்டர், ஒரு வால்வு எரிஞ்சிருக்குது” என்றார் ஜமால்.

“ரெண்டும்தான்” என்றாள் ரேணுகா. “சைலன்சர்ல ஓட்டையும் இருக்கு.”

காப்பி ஆறுகிற வரைக்கும் இதைப் பற்றித்தான் சண்டை. அத்தியப்பனுக்கு அவர்களை அப்போதே பிடித்துப்போனது.

ஞாயிறுதோறும் வந்தார்கள். சிலிண்டர்களில் டீசலும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஊறப்போட்டு, கைப்பிடியைத் தினமும் ஒரு நகக்கண் அளவு அத்தியப்பன் அசைத்து அசைத்து, ஒரு நாள் எஞ்சின் பெருமூச்சு விட்டுச் சுற்றியது. அன்றைக்குச் சொசைட்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஜமால் வால்வுகளையும் புஷ்களையும் கடைந்து கொண்டுவந்தார். டீசல் பீச்சுகிற நாசில்களின் அடைப்பைத் தேவசகாயம் பல் நோண்டுகிற ஊசியால் எடுத்தார், வாயைத் திறந்தபடி இருங்கள் என்று எஞ்சினிடம் சொல்லிக்கொண்டே எடுத்தார். ரேணுகா அடியில் படுத்தபடியே பேசுவாள், அவள் குரல் ரேடியேட்டருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அவர்கள் சும்மா விடுகிற ஆட்கள் இல்லை. மட்கார்டு ஆட்டத்தை இறுக்கினார்கள், கியர்பெட்டியைப் பிரித்துப் பல் மாற்றினார்கள், ஓட்டைச் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது செய்து போட்டார்கள். வண்டி வாங்கிய நாளில்கூட இப்படி இருந்ததில்லை என்று அத்தியப்பன் நினைத்தார்.

வைகாசி முடிவதற்குள் எஞ்சின் கிளம்பியது. புகை வந்தது, விசிறி சுழன்றது, மட்கார்டு மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது, ஒரு சத்தம் இல்லை. ஊர் ஜனம் வேலியோரம் நின்று காத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சத்தம் வந்தது, ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது, பானெட்டின் அருகே கொஞ்சம் தயங்கியது, அந்நிய வீட்டு வாசலை மிதித்துவிட்டதுபோல் பின்வாங்கி, வழக்கமான இடத்தில் போய் ஓய்ந்தது.

ஜமால் எஞ்சினை நிறுத்தினார். ரேணுகாதான் கடைசியில், “நாம ரொம்ப நல்லாப் பண்ணிட்டோம் ஜமால் அண்ணா, அதுக்கு அடையாளம் தெரியல” என்றாள்.

இப்படி ஒரு பிழையைச் செய்ய அவர்களால்தான் முடியும், இப்படி ஒரு வேலையை அடுத்த ஞாயிறே ஆரம்பிக்கவும் அவர்களால்தான் முடியும்: ஒழுங்காக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கெடுத்தார்கள். ஜமால் டேப்பட்டைத் தளர்த்தினார். காயலான் கடைக்குப் போயிருந்த பழைய சைலன்சரைத் தேவசகாயம் தேடிப்பிடித்து, எண்ணெய் டின் தகடு ஒட்டுப்போட்ட ஓட்டையோடு திரும்பப் பூட்டினார். சொத்தைப் பல்லைக் கழுவித் திருப்பி நடுகிற முதல் டாக்டர் நான்தான் என்று வருத்தப்பட்டார். எது எவ்வளவு தளர வேண்டும் என்பதற்கு ஊரே வந்து சாட்சி சொன்னது. சத்தத்துக்கு உலை வைத்தவர்கள் அல்லவா, ஆளுக்கொரு துண்டு அவர்கள் காதில் இருந்தது. மேட்டில் ஏறும்போது நடுவில் ஒரு விக்கல் உண்டு என்றார் சொசைட்டிக்காரர், விக்கிக் காட்டினார். வலதுபக்க மட்கார்டு கட்டக்கட்டக் கட்ட என்று மூன்றாவதை இழுத்து அடிக்கும் என்றார் ரிட்டயரான பஸ் டிரைவர். கிழவிகள் நாக்கைச் சுழற்றி, உதட்டை அதிரவைத்து, கிளச்சு போடுகிற சத்தத்தைக் கச்சிதமாகச் செய்தார்கள். ஒருத்தி செய்தது சரியில்லை என்று இன்னொருத்தி சண்டை பிடித்தாள். ஒன்று சேரச் சேரச் சத்தம் வண்டிக்கு ஒரு படி நெருங்கி வந்தது, ஒரு நாள் ரேடியேட்டருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் ஆடிக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் அதை வாசல் கேட்டிலிருந்துதான் கேட்க முடிந்தது. அதுவும் காதைக் கூர்மையாக்கினால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெடுப்பதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. மூன்று பேரும் கழுவாத கையோடு உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தமில்லாமல். சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று சொல்லிவிட்டு அத்தியப்பன் உள்ளே போனார். பானை மூடியைத் திறந்து, வெந்த அரிசி ஒன்றை விரலில் நசுக்கிப் பார்த்தார். வெளியே சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, தூங்குகிறவர் மூச்சு மாதிரி வந்து, வாசலில் நின்று, ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு கடைசியாகக் ‘கிணுங்’ என்று ஒன்று கேட்டது.

நாள் தவறாமல் அவர் கேட்டதுதான். பானையைத் தான் மூடுகிற சத்தம் என்றுதான் அவர் நினைத்திருந்தார், வேலிக்கு அந்தப் பக்கம் அங்காத்தாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது மூடி அவர் கையில் இருந்தது. அவர் இன்னும் பானையை மூடவில்லை.

அத்தியப்பன் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெளிந்த விளிம்பு. பிடியோரம் துளை. வீட்டுச் சாமானாகவே ஆகிப்போய், அது எங்கிருந்து வந்தது என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. சங்கிலியில் தொங்கிய காலத்தில், வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடி, கடைசியாக ஒரு முறை பலகையில் தட்டிவிட்டுத்தான் அது அடங்கும். அன்றைக்கு நாக்பூரிலிருந்து மூடி இல்லாமல் வந்த வண்டிக்குள் சத்தம் ஏன் ஏறவில்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் வெளியே வந்து, லாரியின் பின்பக்கம் போய், துருப்பிடித்த சங்கிலியில் மூடியை மாட்டி விட்டார். எஞ்சின் அதிர்வில் அது ஆடிப் பலகையில் மோதியது, சத்தமில்லை, மறுபடி மோதியது, சத்தமில்லை, மூன்றாவது தடவை ‘கிணுங்’ என்றது. அந்தக் கிணுங்கைப் பிடித்துக்கொண்டு மட்கார்டு வந்தது, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சைலன்சர் ஓட்டை வந்தது, டேப்பட்டும் விக்கலும் இழுவையும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு உள்ளே ஏற, பெட்போர்டு தொண்டையைச் செருமிக்கொண்டு முழுக்குரலில் உறுமியது. வேம்பிலிருந்து காக்கைகள் மொத்தமாக எழுந்தன. சொசைட்டி முன்னால் ஆடுகள் ரோட்டை விட்டு இறங்கின. தேவசகாயம் ஜமாலைத் தோளோடு கட்டிக்கொண்டு, “வால்வுதான், நீங்க சொன்னதுதான்” என்று கத்தினார். அது ஜமாலுக்குக் கேட்கவில்லை.

ரேணுகா தன் ஜீப்பிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து வந்து சக்கரங்களுக்கு வைத்தாள். அவள் எத்தனை மாதமாக அவற்றை வாங்கி வாங்கி மாற்றிக்கொண்டிருந்தாளோ தெரியாது. அத்தியப்பன் ஏறி உட்கார்ந்தார். அங்காத்தாள் வேலியைத் தாண்டிக் கதவோரம் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பேச்சு கேட்க வேண்டுமே என்று எக்கி நின்று கேட்டாள்.

“உலை வெக்கட்டுங்களா மாமா? இத்தனை பேரு இருக்காங்க, நீங்க ஆக்குனது பத்தாது.”

“இப்ப வேண்டாம் அம்மிணி. சங்ககிரி வரைக்கும் போயிட்டு வர்றேன்” என்றார் அத்தியப்பன். “சத்தம் கேட்டதும் வெய்யி.”

அன்றைக்கு அவர் கரட்டு வளைவில் திரும்பியபோது கரட்டுப்பாளையத்தில் எல்லா அடுப்பும் எரிந்தது.

அதற்குப் பிறகு சத்தம் தனியாக வரவில்லை, வண்டி போனால் போகிறது, வண்டி வந்தால் வருகிறது. மூடி லாரியில்தான் தொங்குகிறது. வீட்டில் சோற்றுப் பானையை அத்தியப்பன் தட்டு வைத்து மூடுகிறார்.